ஸ்வீடிஷில் 'வர்ம்' என்றால் வெதுவெதுப்பா, சூடா?

பனங்கிழங்கு:
ஆறு மாதமாக ஸ்வீடிஷ் படிக்கிறேன். பாடமெல்லாம் ஆங்கிலம் வழியாகத்தான், அதனால் 'வர்ம்' என்று வந்தாலே ஆங்கில வார்ம்தான் என்று நினைத்து 'வெதுவெதுப்பான' என்றே நோட்டில் எழுதிவந்தேன். இப்போது ஒரு சின்னச் சிறுவர் கதையைத் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். பனியில் ஆடிவிட்டு வரும் பிள்ளைக்கு அம்மா 'வர்ம் சொக்லாட்' கொடுக்கிறாள். வெதுவெதுப்பான சாக்லேட்டை யார் அவ்வளவு ஆசையாகக் குடிப்பார்கள்? அதே கதையில் ஜூலை வெயிலும் வர்ம், பாட்டியின் கையும் வர்ம். சூட்டுக்கு 'ஹேட்' என்று தனிச்சொல் இருக்கிறதே, அது ஏன் வரவில்லை? எங்கேதான் கோடு போடுகிறார்கள்? டேனிஷ், நார்வீஜியன் தெரிந்தவர்களும் சொன்னால் நன்றாக இருக்கும்.

சொல்வேட்டை:
முதலில் ஆங்கிலத்தை நடுவிலிருந்து எடுத்துவிடுங்கள், பாதிக் குழப்பம் போய்விடும். வர்ம் என்றால் சூடு. நம் 'சூடு' எவ்வளவு அகலமோ அதுவும் ஏறக்குறைய அவ்வளவு அகலம். குழாயில் வரும் சுடுதண்ணீர் வர்ம்வத்தென், தெருக்கடையில் விற்கும் சாசேஜ் வர்ம் கொர்வ், விருந்தில் முக்கியமான பதார்த்தத்துக்கே 'சூடான பதார்த்தம்' என்றுதான் பெயர், வர்ம்ரெட். ஹேட் அதற்கும் மேலே, கை வைத்தால் சுட்டுவிடும் என்கிற இடம். நீங்கள் எழுதிவந்த வெதுவெதுப்புக்கு அவர்களிடம் இருப்பது 'யும்மென்'. கோடைச் சாயங்காலக் காற்றுக்கு அது நல்ல சொல், ஆனால் ஒருவருடைய ஆர்வத்தை யும்மென் என்றால் ஏனோதானோ என்று இருக்கிறார் என்று அர்த்தம்.

கோடு எங்கே என்றால், அது மொழிக்கு மொழி கொஞ்சம் நகர்கிறது. நேராக விஷயத்துக்கு வராமல் சுற்றி வளைப்பவரை இந்த மூன்று மொழியிலும் கூழைச் சுற்றிவரும் பூனை என்பார்கள். அந்தக் கூழ் ஸ்வீடிஷில் ஹேட், டேனிஷில் வர்ம். பூனைக்கு நாக்கு சுடுவது என்னவோ ஒன்றுதான்! ஆனால் அதே டேனிஷ்காரர்கள் வானிலையில் இந்த இரண்டு சொல்லுக்கும் எண்ணே கொடுத்துவிட்டார்கள். மூன்று நாள் உச்ச வெப்பநிலையின் சராசரி 25 டிகிரியைத் தாண்டினால் 'வர்மெபொல்யெ', 28-ஐத் தாண்டினால் 'ஹேதெபொல்யெ'. இரண்டுமே வெப்ப அலைதான், முதல் பாதிதான் வேறு. 28 டிகிரியை மதுரையில் யாரும் வெயில் என்றே சொல்லமாட்டோம், அதனால் தமிழில் இரண்டுக்கும் 'அனல்' போட்டுவிடாதீர்கள்.

ஒஸ்லோக்காரி:
நான் இலங்கை, நோர்வேக்கு வந்து இருபது வருசத்துக்கு மேல். மேலே சொன்னது சரி, ஆனால் எனக்குப் பிடித்த சொல்லை யாரும் சொல்லவில்லை. 'லூன்'. டேனிஷிலும் உண்டு, இங்கேயும் உண்டு. இதை டிகிரியால் அளக்க ஏலாது. காற்று அடிக்காத ஒதுக்குப்புறம், சுவரோரம் வெயில் விழுகிற இடம், உள்ளே போட்ட கம்பளிச் சட்டை, மலைகள் மறைத்து நிற்கிற குடாக்கடல், எல்லாம் லூன். வெளியே என்ன குளிர் என்றாலும் பரவாயில்லை, குளிர் உங்களிடம் வரவில்லை என்பதுதான் அதன் பொருள். அமைதியாக இருந்து மெல்லச் சிரிக்கவைக்கிற ஆளையும் லூன் என்பார்கள். தமிழில் எனக்குத் தெரிந்து 'கதகதப்பு' ஒன்றுதான் கிட்ட வருகிறது, ஆனாலும் அதில் காற்றுக்கு மறைவு என்ற பகுதி இல்லை.

இன்னொன்று. இங்கே பூச்சியத்துக்கு மேலே இருக்கிற டிகிரிகளுக்கு 'வர்மெகிராடெர்' என்று பெயர், அதாவது சூட்டு டிகிரி. 2 டிகிரியும் சூட்டு டிகிரிதான். வந்த புதிதில் வானொலியில் அதைக் கேட்டு மெல்லிய சட்டையோடு வெளியே இறங்கியிருக்கிறேன், பஸ் தரிப்பிடத்தில் நின்ற பத்து நிமிசத்தில் விறைத்துப்போனேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் பழகிவிட்டால் 'சட்டைக்குள் சூடாகிவிட்டார்' என்பார்கள், ஸ்வீடிஷிலும் 'உடுப்புக்குள் சூடு' என்று இதே பேச்சு உண்டு. என்னைப் பற்றி ஒரு சக ஊழியர் அப்படிச் சொன்ன நாள் இன்னும் நினைவில் இருக்கிறது.

வடமேற்கு:
ஐஸ்லாந்திக்கை விட்டுவிட்டீர்களே. அங்கே இதமான சூட்டுக்கு 'ஹ்லீர்' என்று பழைய சொல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது, சுடுகிற சூட்டுக்கு 'ஹெய்துர்', வெதுவெதுப்புக்கு 'வொல்குர்'. ஒஸ்லோக்காரி சொன்ன காற்று விஷயம் இங்கேயும் வருகிறது, ஏனென்றால் ஹ்லீரும் காற்றுமறைவைக் குறிக்கும் 'ஹ்லியெ'யும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அந்த ஹ்லியெதான் இன்று நாடகத்தில் இடைவேளைக்கும் சொல்.

அப்புறம் நமக்கு நெருக்கமான ஒன்று. ஸ்வீடிஷில் குளிர்கிறது என்பதற்கு 'நான் உறைகிறேன்' என்று 'நான்' போட்டுத்தான் பேச வேண்டும். ஐஸ்லாந்திக்கில் 'மியெர் எர் கல்த்', அதாவது 'எனக்குக் குளிர்'. சூட்டுக்கும் அப்படியே 'எனக்கு'தான். நான்காம் வேற்றுமையை அவர்கள் இன்னும் விடவில்லை. 'நான் சூடாக இருக்கிறேன்' என்று எழுவாய் போட்டுச் சொன்னால் அங்கே அர்த்தம் வேறு பக்கம் போய்விடும், கவனம். 'ஹித்தி' என்ற ஒரே சொல் வெப்பம், வெப்பநிலை, காய்ச்சல் மூன்றுக்கும். நம் 'காய்ச்சல்' என்ற சொல்லே காய்தலில் இருந்து வந்ததுதானே, அதனால் எனக்கு இதை மனப்பாடம் செய்யவே தேவைப்படவில்லை.

பனங்கிழங்கு:
எல்லோருக்கும் நன்றி, நோட்டில் பாதியை அடித்துத் திருத்திவிட்டேன். சாக்லேட் 'சுடச்சுட' ஆகிவிட்டது, ஜூலைக்கு 'நல்ல வெயில்', பாட்டியின் கைக்குக் கதகதப்பு. மூன்று இடத்தில் ஒரே ஸ்வீடிஷ் சொல், தமிழில் மூன்று. ஒரு சந்தேகம் பாக்கி: கதையின் கடைசியில் குளித்துவிட்டு வந்த குழந்தையின் கன்னம் 'யும்மென்' என்று வருகிறது. அங்கே வெதுவெதுப்பு போடலாமா?

சொல்வேட்டை:
தாராளமாக. அது அங்கேதான் சேரவேண்டிய சொல்.