கோடும் பொட்டும் போட்ட நீள இலைச் செடி: பெயர் என்ன, ஓரம் ஏன் கருகுது?

கடற்கரைவீதி:
பத்தரமுல்லையில் வாங்கின செடி, 'கலாத்தியா' என்று தந்தார்கள். இலை ஒரு சாண் நீளம், ஓரம் நெளிநெளி. இளம்பச்சையில் நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் கரும்பச்சைப் பொட்டு, ஒன்று பெரிது, அடுத்தது சிறிது. இலையைத் திருப்பினால் கத்தரிப்பூ நிறம். வெள்ளவத்தை பிளாற், படுக்கையறை, இரவு முழுக்க ஏசி. இரண்டு கிழமையாக நுனியும் ஓரமும் கடதாசி மாதிரிக் காயுது, பகலிலும் இலை சுருண்டே நிற்குது. தண்ணி காணாதாக்கும் என்று தினமும் ஊற்றுகிறேன். சாடிக்குக் கீழே கூழாங்கல் போட்ட தட்டில் தண்ணியும் விட்டிருக்கிறேன். வேறென்ன செய்ய?

மண்புழு:
மயில் செடி போல இருக்கு, கலாத்தியா மக்கோயானா. முதலில் தினமும் ஊற்றுவதை விடுங்கோ.

கூவைக்கிழங்கு:
மக்கோயானா இல்லை. அதன் இலை முட்டை வடிவம், பொட்டுகளுக்கு இடையில் மெல்லிய கோடுகள் ஓடும். ஒடுங்கின நீள இலை, நெளி ஓரம், பெரிதும் சிறிதுமாகப் பொட்டு என்றால் கலாத்தியா லான்சிஃபோலியா. இப்போதைய பெயர் கோப்பெர்ட்டியா இன்சிக்னிஸ், ஊர் பிரேசில். இலை காம்போடு சேரும் இடத்தைத் தடவிப் பாருங்கோ, முழங்கை மாதிரி ஒரு சின்னத் தடிப்பு இருக்கும். இரவில் இலையை நிமிர்த்துவது அதுதான். கூவைக்கிழங்குக் குடும்பம் முழுக்க இது உண்டு.

கருகலுக்குக் காரணம் ஏசி. கொழும்புக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை, ஏசிதான் அதை உறிஞ்சி வெளியே விடுது. செடியை ஹோலில் கிழக்கு யன்னலுக்கு மூன்று அடி தள்ளி வையுங்கோ, நேர் வெயில் படக்கூடாது. கருகின ஓரம் திரும்பப் பச்சையாகாது. இனி வரும் இலையைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஏசி ஒரு பக்கம் இருக்க, மண் ஈரமாக இருந்தும் இலை சுருண்டால் அது தாகமில்லை, வேர் அழுகலாகவும் இருக்கலாம். அழுகின வேரால் தண்ணி இழுக்க முடியாது. சாடியைக் கவிழ்த்துப் பாருங்கோ. நல்ல வேர் வெள்ளையாக, இறுக்கமாக இருக்கும். கெட்டது மண்ணிறம், பிடித்து இழுத்தால் தோல் கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். அதை வெட்டி எறியலாம். வேர் நுனியில் சின்ன உருளைக்கிழங்கு மாதிரித் தொங்குவதை நோய்க்கட்டி என்று வெட்டிப்போடாதீங்கோ, அது செடியின் தண்ணிச் சேமிப்பு.

திரும்ப நட: தும்புத்தூள் 2 பங்கு, கொம்போஸ்ற் 1, கரித்துண்டு அல்லது கருக்கின உமி 1. தும்புத்தூளை ஊறவைத்துப் பிழிந்து, தண்ணி நிறமில்லாமல் வரும்வரை கழுவுங்கோ. அதிலுள்ள உப்பும் ஓரத்தைக் கருக்கும். மீந்த வேருக்கு அளவான சாடி போதும், பெரிய சாடியில் ஈரம் தேங்கும். மேல் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு மட்டும் ஊற்றுங்கோ, கீழே வடியும்வரை. மழைத்தண்ணி கிடைத்தால் அதுதான் முதல்தரம். குழாய்த் தண்ணியை இரவு திறந்து வைத்தால் குளோரின் போகும், உப்பு போகாது.

மண்புழு:
சரி, மக்கோயானாவை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் சிற்றுண்ணியையும் பாருங்கோ, ஏசி வறட்சியில் நன்றாகப் பெருகும். இலைக்குக் கீழே வெள்ளைத்தாள் பிடித்துத் தட்டினால் மிளகாய்த்தூள் போல விழும், கொஞ்சம் பொறுத்தால் அந்தத் தூள் நடக்கத் தொடங்கும். அது பூச்சியல்ல, சிலந்திக்கு உறவு, அதனால் சாதாரண பூச்சிமருந்துக்கு அசையாது. இலையின் அடிப்பக்கத்தைக் குழாயில் பீச்சிக் கழுவி, ஒரு லீற்றர் தண்ணியில் வேப்பெண்ணெய் 5 மில்லி, திரவச் சவர்க்காரம் 1 மில்லி கலந்து பின்னேரம் தெளியுங்கோ. முதலில் ஒரு இலையில் மட்டும் அடித்து இரண்டு நாள் பாருங்கோ, இந்த இலைத்தோல் மெல்லிசு. முட்டை தப்பிவிடும் என்பதால் 5 நாளுக்கு ஒரு தடவை, மூன்று முறை.

அந்தக் கூழாங்கல் தட்டை இன்றைக்கே எடுத்துவிடுங்கோ. இலைக்கு அதனால் பெரிய பயன் இல்லை, டெங்கு நுளம்புக்குத்தான் வீடு. பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கண்டால் செடிக்கு மருந்தில்லை, உங்களுக்கு வழக்கு. வடிதட்டு வேண்டுமென்றால் ஊற்றின கையோடு கொட்டி, கிழமைக்கு ஒருக்கால் உரஞ்சிக் கழுவுங்கோ. நுளம்பு முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தும் கிடக்கும்.

கடற்கரைவீதி:
தாளில் தட்டினேன், நடக்குது! பசளை எப்போது போடலாம்? பூனையும் இருக்கு.

கூவைக்கிழங்கு:
புது இலை ஒன்று விரியும்வரை பசளை வேண்டாம். பிறகு அல்பேர்ட் கலவை (தண்ணியில் கரைக்கும் பசளை) லீற்றருக்கு அரை கிராம், மாதம் ஒருமுறை. பூனை கடித்தாலும் இது நஞ்சில்லை. டிபன்பாக்கியாச் செடி என்றால் வாய் வீங்கும்.