பாத்ரூமை இடித்துக் கட்டியவர்களே, எது உதவியது, எது சும்மா?

கோவிந்தாபுரத்திலிருந்து கேட்டவர்:
பழைய பாத்ரூமை இடித்துவிட்டுப் புதிதாகச் செய்யப்போகிறோம். வீட்டில் எழுபதைத் தாண்டிய அப்பா, அம்மா. கடைக்காரர் மழை ஷவர், கண்ணாடித் தடுப்பு, சுவரில் தொங்கும் டாய்லெட் என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். செய்து முடித்தவர்கள் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
கடைக்குப் போவதற்கு முன்னால் அடுப்படிக்குப் போங்க தம்பி. வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? அந்தத் தண்ணீர்தான் ஷவரிலும் வரப்போகிறது. எங்கள் போர் தண்ணீர் அப்படித்தான். அதனால் ஷவர் வாங்கும்போது துளைகளில் ரப்பர் முனை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். அடைத்துக்கொண்டால் கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு, பொடி உதிர்ந்துவிடும். கண்ணாடித் தடுப்பு வேண்டாம் என்றதற்கும் இதே காரணம்தான். என் நாத்தனார் வீட்டில் அழகாகப் போட்டார்கள். குளித்ததும் வைப்பரால் வழித்துவிட வேண்டும், இல்லையென்றால் காய்ந்ததும் புள்ளி புள்ளியாகத் தெரியும். அந்த வேலையை யார் செய்வது என்று அங்கே தினமும் பஞ்சாயத்து.

மழை ஷவர் ஆசை எனக்கும் இருந்தது. பிளம்பர்தான் கணக்குச் சொன்னார். டேங்க் பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்குமாம். ஓட்டல்களில் பம்ப் வைத்து அடிக்கிறார்கள். நம்மைப் போல ஒற்றை மாடி வீட்டில் மொட்டை மாடி டேங்குக்கும் ஷவருக்கும் நடுவே இரண்டு மூன்று மீட்டர் தேறினால் பெரிது. அதில் தட்டு அகல ஷவரை மாட்டினால் தண்ணீர் சொட்டுமே தவிரப் பொழியாது. பம்ப் வைக்கலாம், ஆனால் கரண்ட் போனால் ஷவரும் போச்சு. சின்ன ஷவர் போதும் என்று விட்டுவிட்டேன்.

நான் காசு செலவழித்தது தரைக்கு. குளிக்கும் இடத்துக்கு மேட் பினிஷ், ஓரடிக்கு ஓரடி டைல்ஸ். ஆர்-11 என்று பெட்டியில் போட்டிருந்தது. அந்த எண் ஏற ஏறப் பிடிப்பு அதிகம். பெரிய டைல்ஸ்தான் இப்போது எல்லோரும் போடுகிறார்கள் என்று கடையில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பெரிய பலகை வாட்டத்துக்கு வளையாது, மூலையில் தண்ணீர் தேங்கிவிடும். அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வேண்டும் என்று மேஸ்திரியிடம் முதல் நாளே சொல்லி வைத்தேன். டைல்ஸ் பரப்பியதும் ஒரு வாளித் தண்ணீரைக் கதவோரமாகக் கொட்டினேன். வளைந்து நெளிந்து ஓடி, வடிகாலுக்கு ஒரு ஜாண் முன்னால் நின்றுவிட்டது. மேஸ்திரி குனிந்து பார்த்து, "சேச்சி, ஈ ரண்டெண்ணம் இளக்காம்" என்று அந்த இரண்டு டைல்ஸையும் ஈரம் காய்வதற்குள் பெயர்த்துப் போட்டார். காய்ந்த பிறகு சொல்லியிருந்தால் சண்டையில்தான் முடிந்திருக்கும். அதற்கும் முன்னால், கசிவு தடுக்கும் பூச்சு அடித்து வடிகாலை அடைத்து, 24 மணி நேரம் தண்ணீர் கட்டி வையுங்கள். மாடியில் பாத்ரூம் என்றால் இதை விடவே கூடாது.

அப்புறம் ஒரு கிரானைட் திண்டு, முழங்கால் உயரத்தில். அத்தை உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார். அந்த பாத்ரூமில் எல்லோரும் பாராட்டுவது அதைத்தான்.

செங்கோட்டைச் சாரல்:
அக்காவுக்கு உப்பு, எங்களுக்கு ஈரம். சாரல் பிடித்துவிட்டால் பாத்ரூம் காயவே காயாது. டைல்ஸ் இடுக்கில் போட்ட வெள்ளைச் சிமெண்ட் கறுத்துப்போனது. மறுபடி செய்தபோது இடுக்கில் எபாக்ஸி என்ற பிசின் கலவை போட்டோம். விலை கூடுதல்தான், ஆனால் இன்னும் நிறம் மாறவில்லை. எக்ஸாஸ்ட் பேன் வைத்தால் கதவுக்குக் கீழே கொஞ்சம் இடைவெளி விடுங்கள், காற்று உள்ளே வந்தால்தான் அது வெளியே தள்ளும்.

வயதானவர்கள் இருக்கிறார்கள் என்றீர்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். எங்கள் பெரியப்பா உள்ளே வழுக்கி விழுந்தபோது கதவை ஒட்டியே கிடந்தார். உள்ளே திறக்கும் கதவு. தாழ்ப்பாளை உடைத்த பிறகும் தள்ள முடியவில்லை, தள்ளினால் அவர் மேல் படுகிறது. கடைசியில் கீலைக் கழற்றித்தான் எடுத்தோம். அதே மாதிரி கைப்பிடிக் கம்பியும் டாய்லெட் பக்கத்தில் கட்டாயம், செங்கல் சுவரில் ஆழமாகத் துளைத்து மாட்டியதாக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் டவல் கம்பியைப் பிடித்துத்தான் எழுவார்கள், அது கையோடு வந்துவிடும்.

கீசருக்கு 16 ஆம்பியர் பிளக், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. இதில் பேரம் பேசாதீர்கள்.

வாளையாறு:
டாய்லெட் வாங்கப் போகும்முன் டேப் எடுத்து அளந்துவிடுங்கள். கழிவுக் குழாய் தரையில் இறங்குகிறதா, சுவருக்குள் போகிறதா? தரை என்றால் சுவரிலிருந்து குழாயின் நடுவரை எவ்வளவு? நாலு, ஒன்பது, பன்னிரண்டு அங்குலங்களில் வரும். சுவர் டைல்ஸின் கனத்தையும் கழித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒரு கடையில் அளவே கேட்காமல் பில் போட்டுக் கொடுத்தார்கள், வண்டி வாடகை கொடுத்துத் திருப்பி அனுப்பினோம். சுவரில் தொங்கும் வகைக்குக் கீழே கூட்டித் துடைக்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிளஷ் டேங்க் சுவருக்குள் ஒளிந்திருக்கும், உப்புத் தண்ணீரில் வாஷர் போனால் அதைத் திறந்து பார்க்கும் ஆள் ஊரில் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள்.

கோவிந்தாபுரத்திலிருந்து கேட்டவர்:
அளந்தேன், ஒன்பது அங்குலம். ஷவரே வேண்டாம், வாளி போதும் என்கிறார் அப்பா. வாளிக் குழாயை எந்த உயரத்தில் வைப்பது?

கொழிஞ்சாம்பாறைக்காரி:
வீட்டில் இருக்கும் பெரிய வாளியைச் சுவரோரம் வைத்து, மேலே நாலு விரல்கடை விட்டுக் கோடு போடச் சொல்லுங்க. கைப்பிடியைத் தூக்கும்போது குழாயில் இடிக்கக் கூடாது. திருகு வேண்டாம், நெம்பு வகைக் குழாய் வாங்குங்க. சோப்புக் கையோடும் திறக்கலாம்.