அக்கறைன்னு நெனச்சு தான் கேட்டேன், தங்கச்சி திருப்பி கேட்டதுக்கு பதில் இல்ல

பாதசாரி:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிக்க மட்டும் தான் வருவேன், இன்னைக்கு தான் மொதல் தடவ எழுதுறேன். போன வாரம் ராத்திரி ஒரு மணி இருக்கும், தூக்கம் வராம போன நோண்டிட்டு இருந்தேன், தங்கச்சி பேருக்கு கீழ ஆன்லைன்னு காட்டுச்சு. உடனே "இந்நேரத்துல யார் கூட பேசிட்டு இருக்க?"ன்னு மெசேஜ் போட்டுட்டேன். ரெண்டு நீல டிக் விழுந்துச்சு, கொஞ்ச நேரம் டைப் பண்றா, நிறுத்துறா, திரும்ப டைப் பண்றா. கடைசில வந்தது ஒரே வரி. "நான் முழிச்சிருக்குறது உனக்கு தெரியுதுன்னா நீயும் முழிச்சிட்டு தானேண்ணா இருக்க, உன்ன யாராவது கேட்டாங்களா?"

மொதல்ல கோவம் தான் வந்துச்சு. அவளுக்கு 26 வயசு, வேலைக்கு போறா, என்ன விட நல்லாவே சம்பாதிக்கிறா. ஆனா அண்ணன் கேக்கக் கூடாதா? பெண்ணியம் பேசுறவங்க சின்ன விஷயத்த எல்லாம் பெருசாக்குறாங்கன்னு ஃப்ரெண்ட்ஸ் கிட்ட நானே வாதாடிருக்கேன். இப்போ என் வீட்டுக்குள்ளயே வந்து நிக்குது. நெஜமாவே கேக்குறேன், நான் பண்ணது அக்கறையா, டபுள் ஸ்டாண்டர்டா?

தனிமரம்:
ப்ரோ, இதுல தப்பே இல்ல. வெளில என்னென்ன நடக்குதுன்னு தெரியும்ல. ஒரு பையனுக்கு ஏதாவது ஆச்சுன்னா நாலு நாள் பேசிட்டு விட்ருவாங்க, பொண்ணுன்னா ஆயுசுக்கும் பேசுவாங்க. சேலை மேல முள்ளு விழுந்தாலும் முள்ளு மேல சேலை விழுந்தாலும் சேதம் சேலைக்கு தான்னு பெரியவங்க சும்மா சொல்லல. உலகம் அப்படி இருக்கு, நாம தான் பாத்துக்கணும்.

வெயில்நதி:
தனிமரம் அண்ணா, அந்த சேலை முள்ளு கதைய சின்ன வயசுல இருந்து கேட்டுட்டு தான் வளந்தேன். ஒரு தடவ கூட யாரும் அந்த முள்ள வெட்டலாம்னு சொல்லி நான் கேட்டதில்ல, சேலைய மடிச்சு உள்ள வைனு தான் சொன்னாங்க. ஆயுசுக்கும் பேசுவாங்கன்னு நீங்களே சொல்றீங்க பாருங்க, அப்படி பேசுறது யாரு? வேற எங்கயோ இருந்து வர்றவங்க இல்ல, நாம தான்.

பாதசாரி அண்ணா, உங்க கேள்விக்கு வரேன். அக்கறைனா "ஏன் தூங்கல, உடம்பு சரியில்லயா, ஆபீஸ்ல ஏதாவது பிரச்சனையா"ன்னு வந்திருக்கும். நீங்க கேட்டது "யார் கூட". அந்த ரெண்டு வார்த்தைல உங்க தங்கச்சி ஏற்கனவே குத்தவாளிக் கூண்டுல ஏறியாச்சு, இனிமே அவ தான் நிரூபிக்கணும். அவ டைப் பண்ணி டைப் பண்ணி நிறுத்தினான்னு எழுதிருக்கீங்களே, அந்த நேரம் எனக்கு நல்லா தெரியும். உண்மைய சொன்னாலும் பொய் மாதிரி கேக்குமோன்னு ஒவ்வொரு வரியா அழிச்சிட்டு இருப்பா.

இன்னொன்னும் சொல்லணும். நானும் இத செஞ்சிருக்கேன். கூட வேலை பாக்குற பொண்ணு ஒருத்தி மீட்டிங்ல மேனேஜர வெட்டிப் பேசினப்போ மனசுக்குள்ள "என்ன திமிரு"ன்னு தான் தோணுச்சு, அடுத்த வாரம் அதே விஷயத்த அதே குரல்ல ஒரு பையன் பேசினான், "தைரியமா பேசுறான்டா"ன்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்து தான் உறைச்சுது, அன்னைக்கு ராத்திரி நெஜமாவே வெக்கமா இருந்துச்சு.

பழையஏடு:
நல்ல கேள்வி தம்பி. இந்த ரெண்டு அளவுகோல் வெறும் பேச்சுல மட்டும் இருந்ததில்ல, சட்டமாவே எழுதி வெச்சிருந்தாங்க. இங்கிலாந்துல 1857ல வந்த விவாகரத்து சட்டப்படி, மனைவி இன்னொருத்தரோட உறவு வெச்சிருந்தான்னு நிரூபிச்சா போதும், கணவனுக்கு விவாகரத்து கெடைக்கும். மனைவி கேட்டா அது மட்டும் பத்தாது, அதோட கூட கொடுமை பண்ணான், இல்ல ரெண்டு வருஷம் கைவிட்டுட்டு போனான், அந்த மாதிரி இன்னொரு குத்தத்தையும் சேத்து நிரூபிக்கணும். அதே தப்பு, ஆம்பள பண்ணா பாதி தான் தப்பு. இத மாத்த 1923 வரைக்கும் ஆச்சு, 66 வருஷம். ஏன் அப்படின்னா, சொத்து போற வாரிசு யாரோட புள்ளைன்ற பயம் தான் அதுக்கு பின்னாடி பெரிய காரணம். அதனால காவல் முழுக்க பொண்ணு மேல. சட்டம் போயிடுச்சு, அந்த காவல் மட்டும் இன்னும் நம்ம போன்ல பச்சைப் புள்ளிய பாத்துட்டு இருக்கு.

நம்ம மொழியையே பாருங்க. வாயாடின்னா ஒடனே யார் முகம் மனசுல வருது? அடங்காப்பிடாரின்னு எந்த ஆம்பளையையாவது திட்டி கேட்டிருக்கீங்களா? புருஷன இழந்தவளுக்கு விதவைனு ஒரு பேரு கொழந்தைக்கு கூட தெரியும். பொண்டாட்டிய இழந்தவனுக்கும் தபுதாரன்னு பழைய தமிழ்ல வார்த்தை இருக்கு, இத படிக்கிறவங்கள்ல எத்தன பேருக்கு தெரியும்? அவன அந்த பேர சொல்லி தள்ளி வைக்கணும்னு யாருக்கும் தேவை வரல, அதனால வார்த்தையும் வழக்குல நிக்கல.

தனிமரம்:
சரி ஏத்துக்குறேன், சட்டம் அநியாயம் தான். ஆனா ஒரு கேள்வி. சமம்னு பேசுறவங்க சில பேர் சம்பாதிக்கிறது மட்டும் ஆம்பள பொறுப்புன்னு சொல்றாங்களே? அது டபுள் ஸ்டாண்டர்ட் இல்லயா?

அப்பாவும்ஒருவர்:
தனிமரம் ப்ரோ, இதுக்கு நான் பதில் சொல்றேன், ஏன்னா இது என் கதை. அது டபுள் ஸ்டாண்டர்ட் தான், சந்தேகமே வேணாம். நான் வேலைய விட்டு ஒன்றரை வருஷமா கொழந்தைய பாத்துக்குறேன், மனைவி வேலைக்கு போறாங்க, ரெண்டு பேரும் உக்காந்து பேசி எடுத்த முடிவு. தடுப்பூசி போட கூட்டிட்டு போனா "அம்மா வரலயா"ன்னு கேக்குறாங்க, அங்க எல்லாம் என்ன "எவ்ளோ நல்ல அப்பா"ன்னு பாராட்டுறாங்க, அதே வாயால என் மனைவிய "புள்ளைய விட்டுட்டு எப்படி தான் மனசு வருதோ"ன்னு சொல்றாங்க. சொந்தக்காரங்க கிட்ட வந்தா நான் பொண்டாட்டி சம்பளத்துல உக்காந்து தின்றவன்.

எனக்கு புரிஞ்சது இது தான், என்ன கேவலமா பாக்குறதும் அவள கல்நெஞ்சக்காரின்னு சொல்றதும் ஒரே எடத்துல இருந்து தான் வருது. வீடு பொண்ணுது, காசு ஆணுதுன்ற கணக்கு. பெண்ணியம் அந்த கணக்க தான் கேள்வி கேக்குது. ஐநா 1979ல கொண்டு வந்த பெண்களுக்கான ஒப்பந்தத்துல அஞ்சாவது பிரிவ தேடி படிச்சு பாருங்க, புள்ள வளக்குறது அப்பா அம்மா ரெண்டு பேரோட பொது பொறுப்புன்னு அதுலயே இருக்கு. அத படிச்சப்போ எனக்காக எழுதின மாதிரி இருந்துச்சு. சில பேர் வசதிக்கு பேசுறாங்கங்கறதுக்காக என் மனைவிக்கு நடக்குறது சரியாயிடுமா?

வெயில்நதி:
அண்ணா, உங்க மனைவி கிட்ட நான் விசாரிச்சதா சொல்லுங்க.

தனிமரம் அண்ணா, ஒருத்தி தப்பா பேசினா அவள தாராளமா கேளுங்க, நானும் கூட சேந்து கேக்குறேன். ஒருத்தி பேசினதுக்கு மொத்த பொண்ணுங்களும் பதில் சொல்லணும்னு மட்டும் எதிர்பாக்காதீங்க, ஏன்னா ஒரு ஆம்பள பண்ணதுக்கு உங்கள யாரும் கூப்ட்டு விளக்கம் கேக்குறதில்ல.

தனிமரம்:
இந்த கடைசி வரிய நான் யோசிச்சதில்ல. யோசிக்கிறேன்.

பாதசாரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. "யார் கூட"ன்ற அந்த ரெண்டு வார்த்தைய பத்தி வெயில்நதி எழுதினத நாலஞ்சு தடவ படிச்சேன். நேத்து தங்கச்சிக்கு போன் பண்ணி மன்னிப்பு கேட்டேன். அன்னைக்கு யார் கூட பேசினான்னு நான் கேக்கல, அவளும் சொல்லல. கொஞ்ச நேரம் ரெண்டு பேருமே பேசாம இருந்தோம், அப்புறம் அவ தான் கேட்டா, "அது சரி, நீ ஏண்ணா ஒரு மணி வரைக்கும் தூங்கல?"

மூணு மாசமா ஆபீஸ்ல ஆள் குறைக்கிறாங்க, அடுத்து நானோன்னு பயம், வீட்ல யார்கிட்டயும் சொல்லல. அவ கிட்ட சொன்னேன். ரெண்டு மணி வரைக்கும் பேசிட்டு இருந்தோம்.