குறோமெற்: வடிகுழாயா, காற்றுக்குழாயா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பெற்றோருக்கான எங்கள் தமிழ்த் துண்டுப்பிரசுரத்தில், பிள்ளைகளின் செவிப்பறையில் வைக்கும் சிறு குழாயான குறோமெற்றுக்கு (grommet) ‘செவி வடிகுழாய்’ என்று குழுவில் ஒரு ஐயா முன்வைத்ததையும் ஒரு அக்கா அதை ஆதரித்து எழுதியதையும் வாசித்தேன். சொல் சின்னது, வாய்க்கும் இலகுவானது. ஆனாலும் அதை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் குழாயின் வேலை வடிப்பதல்ல.

நடுச்செவிக்குக் காற்றைக் கொண்டுவரும் ஊத்தேக்கியாவின் குழாய் சிறுபிள்ளைகளில் குட்டையாகவும் ஏறத்தாழக் கிடையாகவும் இருக்கிறது. தடிமன் பிடித்தாலோ, மூக்குக்குப் பின்னாலுள்ள அடினொயிட் வீங்கினாலோ அது ஒழுங்காகத் திறக்காது. உள்ளே இருந்த காற்றை நடுச்செவியின் உட்சவ்வு உறிஞ்சிவிடும், புதுக்காற்று வராது, அழுத்தம் இறங்கும். அப்புறம் அந்தச் சவ்விலிருந்தே திரவம் கசிந்து தேங்கும். நாள் போகப் போகப் பசை மாதிரித் தடிக்கும். செவிப்பறை சரியாக அதிராது; பிள்ளைக்குக் கேள்விப்புலன் மந்தமாகும்.

சத்திரசிகிச்சையில் பிள்ளையை மயக்கி, செவிப்பறையில் சிறு கீறல் போட்டு, தேங்கியதை உறிஞ்சி எடுக்கிறார்கள். வடிக்கிற வேலை அந்த மேசையிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் கீறல் சில நாட்களில் மூடிக்கொள்ளும், திரவமும் திரும்பச் சேரும். 1801இல் ஆங்கிலேய வைத்தியர் ஆஸ்ட்லி கூப்பர் செவிப்பறையைத் துளைத்துச் சிலருக்குக் கேள்விப்புலனை மீட்டபோதும் இதே சிக்கல்தான். 1954இல் அமெரிக்க வைத்தியர் ஆம்ஸ்ட்ரோங் வைனல் குழாயொன்றைக் கீறலில் வைத்த பிறகே இந்த முறை நிலைபெற்றது. குழாய் இருக்கும்வரை வெளிக்காற்று நடுச்செவிக்குள் போய்வரும். ஊத்தேக்கியாவின் குழாய் செய்யாத வேலையை அது செய்கிறது.

இதை வெறும் சொல்லாராய்ச்சியாக நான் எழுதவில்லை. குழாய் இட்ட பிறகு காது தொடர்ந்து வடிந்தால் அது பெரும்பாலும் கிருமித்தொற்று. கிளினிக்கில் காட்டி, காதுக்கு விடும் துளிமருந்து எடுக்க வேண்டும். ‘வடிகுழாய்தானே வைத்தது, வடியட்டும்’ என்று ஒரு தாய் வீட்டிலேயே இருந்துவிட்டால், அந்தப் பிழை சொல்லைக் கொடுத்த எங்களுடையது. காது காய்ந்திருந்தாலோ, குழாய் வேலை செய்யவில்லை என்று பயப்படுவார். கொழும்பில் எங்கள் ஆட்கள் பலருக்கு விளக்கமெல்லாம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் கிடைக்கிறது. அவர்கள் வீட்டில் ஆறுதலாக இருந்து வாசிக்கப்போவது தமிழ்த் துண்டுப்பிரசுரத்தை. அதில் சொல் வழி மாற்றக் கூடாது.

ஆகவே ‘செவிப்பறைக் காற்றுக்குழாய்’ என்று முன்மொழிகிறேன். சுவாசக்குழாயோடு குழம்பும் என்று ஒரு நண்பர் பயந்திருந்தார். இங்கே இலங்கைப் பாடப்புத்தகத்தில் அது வாதனாளி, தமிழ்நாட்டில் மூச்சுக்குழாய். முன்னால் ‘செவிப்பறை’ வேறு நிற்கிறது. குழப்பம் வர வழியில்லை.

குழாய் ‘பொருத்துதல்’ என்பதையும் விட்டுவிடுவோம். பொருத்தியது என்றால் பிறகு கழற்ற வேண்டும், அல்லது ஆயுளுக்கும் இருக்கும் என்று படுகிறது. சாதாரணக் குழாய் பெரும்பாலும் 6 முதல் 12 மாதங்களில் தானாகவே வெளியே வந்துவிடும். ‘இடுதல்’ போதும்.

செவிப்பறையில் செய்வதைத் துளைப்பு என்பதா கீறல் என்பதா என்ற கேள்விக்கு, கீறல் என்பதே என் பதில். ‘காதில் ஓட்டை’ என்பது எங்கள் பேச்சில் ஒரு நோய். கையெழுத்துக் கேட்கும் படிவத்தில் துளை என்று கண்டால் எந்தத் தகப்பனும் தயங்குவார்.

திரவம் தேங்கும் இந்த நோயின் பெயர்தான் கடினம். ‘நடுச்செவி நீர்’ என்றால் குளிக்க வார்த்த தண்ணீர் போய்விட்டதா என்று கேட்பார்கள். ‘காதுக்குள் சளி கட்டியிருக்கு’ என்று சொன்னால் சட்டென்று விளங்கும், உண்மையில் பிழையும் இல்லை. ஆனால் சளி என்றதும் பாணி மருந்து வாங்க பார்மசிக்கு ஓடுவார்கள். அந்தப் பாணிகள் இதற்கு உதவாது. பல பிள்ளைகளுக்கு 3 மாதத்துக்குள் தானாகவே வற்றிவிடுவதால்தான் உடனே கத்தி எடுக்காமல் பொறுத்திருந்து மீண்டும் கேள்விப்புலனைச் சோதிக்கிறார்கள். எழுத்தில் ‘நடுச்செவித் திரவத்தேக்கம்’ என்று வைத்து, பக்கத்தில் ஒரு வரி விளக்கமும் கொடுப்போம் என்பது என் எண்ணம்.

கிளினிக் கொப்பியில் குறோமெற் என்றே எழுதிவிடுவார்கள். அதனால் முதல் தடவை வரும் இடத்தில் அந்தப் பெயரையும் சேர்த்துப் போடலாம்.

நீண்ட காலம் இருப்பதற்கென்று ரி (T) எழுத்து வடிவில் ஒரு குழாய் உண்டு. அதற்கு ‘நெடுநாள் காற்றுக்குழாய்’ பொருந்துமா? குழுவிலுள்ள காது, மூக்கு, தொண்டை வைத்தியர்கள்தான் சொல்ல வேண்டும்.