மறு: 'மறைபிம்பம்' வேண்டாம், 'வித்துரு' எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

'மறைபிம்பம்' என்ற சொல்லை முன்வைத்த ஆசிரியர் ஐயாவுடன் நான் உடன்படவில்லை. புகைப்படக் கலையில் 'latent image' என்பதற்குத்தான், அதாவது ஒளி பட்ட படச்சுருள், படத்தைத் தோன்றச் செய்யும் மருந்தில் இடுவதற்கு முன் இருக்கும் நிலைக்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம். 'மறை' என்றால், முழுப் படமும் உள்ளே ஒளிந்திருக்கிறது என்றே மாணவன் எண்ணிக்கொள்வான். உண்மையில், ஒளி பட்ட வெள்ளி உப்புப் படிகம் ஒன்றில் நான்கைந்து வெள்ளி அணுக்கள் திரண்டாலே போதும். மெற்றோலும் ஹைட்ரோகுயினோனும் கலந்த அந்த மருந்துக் கரைசல் அந்தப் புள்ளியில் தொடங்கிப் படிகம் முழுவதையும் கறுத்த வெள்ளியாக்கிவிடும். விதை முளைப்பதும் இப்படித்தானே? அதனால்தான் வித்தையும் உருவையும் சேர்த்து 'வித்துரு' என்கிறேன்.

'முளைக்கிறது' என்ற சொல்லை நான் இருட்டறையிலேயே கேட்டிருக்கிறேன். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத நாட்கள். கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு ஸ்ரூடியோவில் உதவிக்கு நின்றேன். முதலாளி, சிவப்புக் கண்ணாடி பதித்த தகரப் பெட்டிக்குள் அரிக்கன் லாம்பை வைத்திருப்பார். தட்டத்தில் வெள்ளைத் தாள் மிதக்கும். முதலில் தலைமயிர் வரும், பிறகு புருவம், கண்மணி, முகம் கடைசியில்தான். "முளைக்கிறது தம்பி, தட்டத்தை ஆட்டு" என்பார். அந்தச் சொல்லை விட எனக்கு மனமில்லை.

'வித்துரு' என்றதும், வித்துருமம் என்றால் பவளம் ஆயிற்றே என்று ஒருவர் கேட்கலாம். பாடநூலில் பவளத்தை இன்று யாரும் அப்படி எழுதுவதில்லை, குழப்பம் வராது.

தோன்றிய படத்தை நிலைக்கச் செய்யும் 'ஹைப்போ'வின் பெயரை மாற்றவே வேண்டாம். சோடியம் தயோசல்பேற்றுக்கு அந்தப் பெயர் எங்கள் ஸ்ரூடியோக்களில் ஊறிவிட்டது. கரைசலின் தொழிலைச் சொல்ல 'நிலைநிறுத்தி' போதும்.

இதில் நான் அவசரப்படுவதற்குக் காரணம் உண்டு. கொடாக் கறுப்பு வெள்ளைத் தாள் உற்பத்தியைக் கைவிட்டதும், படச்சுருள் செய்த அக்பாபோட்டோ நிறுவனம் நொடித்துப்போனதும் 2005இல். அதற்கு முன்பே கலர் லாப்கள் எங்கள் இருட்டறைகளைப் பூட்டவைத்துவிட்டன. சென்ற தை மாதம் நகரில் மூன்று கடைகளில் ஹைப்போ கேட்டேன். இரண்டில் இல்லை என்றார்கள். மூன்றாவதில் நின்ற பிள்ளை, "அது என்ன ஐயா?" என்று கேட்டது. பொருள் போய்ச் சொல்லும் போகிறது.

சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரிப் பக்கம் பழைய ஸ்ரூடியோக்காரரைத் தெரிந்தவர்கள் ஒன்று கேட்டு எழுதுங்கள். மருந்துக்கும் ஹைப்போவுக்கும் இடையில் தாளை முக்கும் அசற்றிக் அமிலக் கரைசலை நாங்கள் 'வினாகிரித் தண்ணீர்' என்றோம். அங்கே என்ன பெயர்?