கடலோடு செய்த ஒப்பந்தத்தைக் கை தூக்கி அழிக்கலாமா?

கெடிலக்கரை:
கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறுதோறும் ஏழு பேர் கூடிப் பாத்திரமேற்று ஆடுகிறோம். ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் அது. உப்பளநாடு என்ற நாட்டை நாங்களே ஒவ்வொரு கல்லாக வைத்துக் கட்டினோம். அங்கே கடல் பேசும். கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், கேட்டால் தரும். ஆட்டம் முடிகிற நேரத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு விதியை மாற்றச் சொல்லலாம். பாதிக்கு மேல் கைகள் உயர்ந்தால் அதுவே சட்டம்.

போன வாரம் நான்குக்கு மூன்று என்று ஒரு தீர்மானம் நிறைவேறியது: "கடலோடு செய்த ஒப்பந்தம் எதுவும் செல்லாது, இதற்கு முன் செய்ததும் செல்லாது." எங்கள் முத்துக்குளிக்கும் பெண் தன் நிழலைக் கடலுக்குக் கொடுத்து, புயலில் மூழ்கிக்கொண்டிருந்த பதினொரு படகோட்டிகளை மீட்டிருந்தாள். அந்தப் பதினொரு பேரும் மறுபடி தண்ணீருக்குள் போய்விட்டார்கள். அவளாக ஆடியவர் பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினார். நான் எதிர்த்துக் கை தூக்கியவன். நடந்தது அநியாயம்.

பாய்மரம்:
அந்த நான்கு கைகளில் ஒன்று என்னுடையது, அண்ணா. மூன்று மாதமாக என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள். கொள்ளைக்காரர்கள் வந்தால் அக்கா கரைக்குப் போய்க் கடலைக் கூப்பிடுவார். பஞ்சம் வந்தாலும் கடல், காய்ச்சல் வந்தாலும் கடல். என் தச்சன் அரும்பாடுபட்டுக் கட்டிய படகு இன்றுவரை தண்ணீரைத் தொடவில்லை. ஒருவர் ஆட, ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். 1974-இல் இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்த காலத்திலிருந்தே ஆட்டத்தை நடத்துபவர் சொல்வதுதான் முடிவு. அந்த ஒற்றை ஆள் அதிகாரம் வேண்டாம் என்றுதானே நாம் வாக்குக்கு வந்தோம்? வாக்கு நமக்குப் பிடிக்காத பக்கம் விழுந்தவுடன் அநியாயம் என்றால், எதற்காகக் கை தூக்கினோம்?

சுண்ணாம்பாறு:
புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். விதியை மாற்றுவதையே ஆட்டமாக வைத்தது நோமிக். பீட்டர் சூபர் என்ற தத்துவப் பேராசிரியர் உருவாக்கியது, 1982-இல் வெளியானது. ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது ஒரு விதி மாற்றத்தை முன்வைக்க வேண்டும். முதல் இரண்டு சுற்றுக்கு எல்லோரும் ஒப்ப வேண்டும். பிறகு பெரும்பான்மை போதும். அதன் 107-ஆம் விதி என்ன சொல்கிறது தெரியுமா? எந்த மாற்றமும் வாக்கெடுப்பு முடிந்த நொடியிலிருந்துதான் செல்லும். பின்னோக்கிச் செல்லவே செல்லாது. எல்லாவற்றையும் மாற்றலாம் என்று திறந்துவிட்ட மனிதர்கூட இந்த ஒரு கதவை முதலிலேயே தாழிட்டார். இன்னொன்றும் செய்தார்: பெரும்பான்மையால் நிறைவேறிய தீர்மானத்தை எதிர்த்தவர்களுக்குத் தலைக்குப் பத்துப் புள்ளி. தோற்றவர் வெறுங்கையோடு போகக் கூடாது என்ற எண்ணம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

பாய்மரம்:
ஐயா, அந்த 107-ஐயும் மாற்றுவதற்கு அவரே வழி வைத்திருக்கிறாரே.

சுண்ணாம்பாறு:
வைத்திருக்கிறார், தம்பி. 107 போல நூறு வரிசை எண் கொண்ட விதிகளைத் தொட வேண்டுமானால் ஒரு கைகூடக் குறையக் கூடாது. இறங்கிப் போனாரே, அவருடைய கையும் சேர்த்து.

பாய்மரம்:
உங்கள் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். 1954 அக்டோபர் 18, கீழூர். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த உங்கள் பகுதியின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள், எட்டுப் பேர் கூடாது என்றார்கள். அந்த எட்டுப் பேருக்காக ஊர் காத்திருந்ததா? ஏழு கையும் வேண்டும் என்று நீங்கள் விதி வைத்தால், ஒரே ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஆறு பேரைக் கட்டிப்போடலாம். எங்கள் மாடியில் மூன்று மாதம் அதுதான் நடந்தது, வாக்கெடுப்பே இல்லாமல்.

சுண்ணாம்பாறு:
கீழூரைச் சொன்னதற்கு நன்றி. என் வாதத்துக்கே அது துணை. நாடு மாறியது, சட்டம் மாறியது. ஆனால் 1962 ஆகஸ்ட் 16-இல் இந்தியாவும் பிரான்சும் செய்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்களுக்கு ஆறு மாத அவகாசம் இருந்தது. விரும்பியவர்கள் எழுதிக்கொடுத்துவிட்டுப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய முதியவர்கள் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு இந்த ஊரில்தான் வாழ்ந்தார்கள். நீ உழைத்த ஆண்டுகள் செல்லாது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. உப்பளநாட்டில் அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

முத்துச்சிப்பி:
இறங்கிப் போனவள் நான்தான். பேசவே வேண்டாம் என்றிருந்தேன்.

தம்பி, உன் படகைப் பற்றி நீ ஒருநாளாவது என்னிடம் சொல்லியிருந்தால் நானே கடலை ஊமையாக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்திருப்பேன். 'வருகிற ஞாயிறு முதல்' என்று எழுதியிருந்தால் என் கை ஐந்தாவது கையாக இருந்திருக்கும். உங்களை ஆறு பேரையும் பார்வையாளர்களாக உட்கார வைத்தேன் என்பது உண்மை. அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது, வருத்தமாக இருக்கிறது.

ஆனால் நிழலைக் கொடுத்த நாளிலிருந்து நான் எப்படி ஆடினேன் என்று நினைத்துப் பார்த்தீர்களா? பகலில் தெருவில் நடக்க முடியாது. பிள்ளைகள் கல்லெறிவார்கள். என் தாய் என்னை வீட்டுக்குள் விடவில்லை. அந்தக் காட்சியில் தாயாக நடித்தது நீதான். பதினொரு படகோட்டிகளுக்கும் பெயர் வைத்து நோட்டில் எழுதியிருக்கிறேன். ஒப்பந்தம் செல்லாது என்றீர்கள். அவர்களைக் கடலுக்குள் தள்ளினீர்கள். சரி, என் நிழல் எங்கே? ஒப்பந்தத்தில் நான் கொடுத்த பாதி திரும்பி வரவேண்டும் என்று ஏழு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கெடிலக்கரை அண்ணா, உங்களுக்கும் தோன்றவில்லை.

கெடிலக்கரை:
தோன்றவில்லை. மன்னித்துவிடு, அம்மா. உனக்காகத்தான் வாதாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு பதினொரு பேரை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன். வரும் ஞாயிறு நான் வைக்கப்போகும் தீர்மானம் இது: நடந்துமுடிந்ததைத் தொடும் எந்த விதிக்கும் ஏழு கைகளும் வேண்டும்.

பாய்மரம்:
அந்தத் தீர்மானத்தை எதிர்ப்பேன், அண்ணா, இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏழு கை என்பது பூட்டு. ஐந்து கை என்று எழுதுங்கள், யோசிக்கிறேன்.

அக்கா, நிழலை நான் மறந்துவிட்டேன். அந்தத் தாயாக நடித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்படி இருந்தும் மறந்தேன். நிழல் உங்களிடம் திரும்ப வேண்டும், அதற்கு வாக்கெடுப்பே தேவையில்லை. படகோட்டிகள் விஷயத்தில் ஒன்று கேட்கிறேன். ஒப்பந்தம் இல்லை என்றால் அவர்கள் அந்தப் புயலுக்குள் இருக்கிறார்கள்; இன்னும் சாகவில்லை. கடலைக் கூப்பிட வேண்டாம். என் படகு கரையில் நிற்கிறது. எட்டுப் பேர் உட்காரலாம், நெருக்கினால் பத்து. இரண்டு தடவை போய் வர வேண்டியிருக்கும், ஒவ்வொரு தடவைக்கும் பகடை உருட்ட வேண்டும், எல்லோரையும் மீட்போம் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. நீரோட்டம் தெரிந்த ஒருவர் படகின் முன்பக்கத்தில் உட்கார வேண்டும்.

முத்துச்சிப்பி:
அந்த நோட்டை எடுத்து வருகிறேன். ஐந்து மணிக்கா, ஐந்தரைக்கா?