உப்பளத் தொழிலாளர்களுக்கு ஒரு ஊழிய மையம்: ஆலோசனை வேண்டும்

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

தூத்துக்குடி பக்கம் உப்பளத்தை ஒட்டி, எங்கள் சபைக்கு ஒருவர் 5 சென்ட் நிலம் தந்திருக்கிறார். அங்கே ஒரு சிறிய ஊழிய மையம் தொடங்க ஜெபித்து வருகிறோம்.

போன வாரம் ஒரு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். விடியும் முன்னே உப்பு வாரப் போகிறவர். பாதம் முழுக்க வெடிப்பு, அதில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே பேசினார். வெள்ளை உப்பில் வெயில் பட்டுக் கூசிக் கூசி, கண் பார்வையும் மங்கிவிட்டது. அக்டோபரில் மழை வந்தால் டிசம்பர் வரை வேலையே இருக்காது. அரசு தரும் 5,000 ரூபாய் எத்தனை நாளைக்கு வரும்? அப்புறம் வட்டிக்குத்தான் வாங்க வேண்டும்.

மாலை டியூஷன், கண் பரிசோதனை முகாம், மழைக்காலத்தில் பெண்களுக்குத் தையல். இவ்வளவுதான் இப்போதைக்கு நினைத்திருக்கிறோம். ஆலயத்துக்கு வருகிறவர், வராதவர் என்று பார்க்கப் போவதில்லை. அதில் நாங்கள் உறுதி.

தனி டிரஸ்டாகப் பதிவு செய்வதா, சபையின் கீழேயே நடத்துவதா? வெளிநாட்டுக் காணிக்கை வேண்டாம், எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதைத் தொட முடியாது. உப்புக் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கிறதே, கட்டடத்துக்கு என்ன செய்தீர்கள்? முகாம் நடத்த ஒரு கண் மருத்துவரை யாராவது அறிமுகப்படுத்த முடியுமா?

இப்படி ஒரு மையம் நடத்தியவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். முதல் வருஷம் எங்கே தடுமாறினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.